பொட்டு வைத்த சாம்பிள்

எங்கள் கம்பெனியின் தலைமை ஆபீஸ் எந்த நாட்டில் இருந்தது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஒருத்தர் அமெரிக்கா என்பார், இன்னொருத்தர் லண்டன் என்பார். எங்களைப் பொறுத்தவரை கம்பெனி என்பது முதலாளி அறை பீரோவில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த ஒரு ரப்பர் நரிக்குட்டிதான். மஞ்சள் உடம்பு, பச்சைத் தொப்பி, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். காலில் ஈய முத்திரை கட்டியிருக்கும். அதற்குச் சாம்பிள் என்று பெயர்.

அந்த நரி வெளிநாட்டில் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் படத்தில் வருகிறதாம். அங்கே டிபன் பாக்சில் அது, படுக்கை விரிப்பில் அது, பென்சில் முனையில் அது. படத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முதலாளி முன்பு சோப்பு டப்பாவும் சீப்பும் செய்துகொண்டிருந்தவர். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரகடம் போகிற சாலையில், முள்ளுச் செடிகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. எண்பதுகளின் ஆரம்பத்தில் யார் யாரையோ பிடித்து நரி பொம்மைக்கு லைசென்ஸ் வாங்கி வந்தார். வந்த அன்றைக்கு எல்லோருக்கும் லட்டு கொடுத்து, "இனிமே தெனமும் நரி மூஞ்சிலதான் முழிக்கப் போறோம், நமக்கு இன்னா கொறை" என்றார்.

அந்த ஏற்பாடு எப்படி என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். படம் எடுத்தவர்கள் ஒரு கம்பெனி. நரியை வைத்து உலகம் முழுக்கச் சாமான் செய்ய உரிமை கொடுக்கிறதும் அவர்களேதான், ஆனால் அதற்கென்று தனியாக ஆட்கள். அந்த ஆட்களுக்கு பம்பாயில் ஒரு ஆபீஸ். பம்பாய் ஆபீஸ் எங்கள் முதலாளிக்கு வருஷத்துக்கு வருஷம் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுக்கும். கொடுக்காமலும் போகலாம். மற்றவர்களுக்கு 'கொடுக்கும்' என்பதுதான் காதில் விழுந்தது. எனக்குப் 'போகலாம்' மட்டும்தான் விழுந்தது.

நான் ஏழாவதோடு நின்றவள். பென்னலூரிலிருந்து பஸ்ஸில் வந்து பெயின்ட் மேஜையில் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் எழுதுவேன். என் வீட்டுக்காரர் கல் லாரியில் போவார், வேலை இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மாதச் சம்பளம் என்று வீட்டுக்குள் வந்தது என்னுடையது ஒன்றுதான். கொட்டகையைப் பூட்டினால் மறுபடி களை பறிக்கப் போக வேண்டும். அதற்கும் நிலத்தை ஒவ்வொருத்தராக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. பயப்படுவது எனக்குப் பிறவிக் குணம். என் மாமியார் ஊரெல்லாம் சொல்வார்: "மய வந்தா செம்பரம்பாக்கம் ஏரி ஒடைஞ்சிடுமான்னு கேப்பா, வரலன்னா வத்திடுமான்னு கேப்பா."

நரிக் கம்பெனியின் சட்டங்களில் ஒன்று என் தலையில் விழுந்தது. ரிஜெக்ட் ஆன பொம்மை ஒன்றுகூட முழுசாக வெளியே போகக் கூடாது. வண்ணம் வழிந்தது, காது ஒட்டிக்கொண்டது, எதுவானாலும் முகத்தை அறுத்துத்தான் குப்பையில் போட வேண்டும். எங்கோ வடக்கே ஒரு கம்பெனியின் ரிஜெக்ட் பொம்மை திருவிழாக் கடையில் தொங்கியதைப் பார்த்து அவர்களுடைய லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. நிஜமோ பொய்யோ, நான் நம்பினேன். அறுக்கிற வேலையைப் பெண்கள் யாரும் விரும்பவில்லை. விட்டால் யாராவது பிள்ளைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் நானே கத்தியை வாங்கிக்கொண்டேன். என் மகளுக்கும் ஒன்றுகூடக் கொண்டுபோனதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின்களையெல்லாம் கழுவித் துடைத்தோம். மெஷின் அண்ணன் சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். மோல்டில் ரப்பர் பாலை ஊற்றி ஓவனில் வேக வைத்து பொம்மையைப் பிடுங்கி எடுப்பது அவர் வேலை. பூஜை என்றால் அவர்தான் பூசாரி. கம்ப்ரெஸருக்குப் பொட்டு, ஓவனுக்குப் பொட்டு, என் பிரஷ் டப்பாவுக்கும் பொட்டு. முதலாளி சந்தோஷத்தில் பீரோவைத் திறந்து சாம்பிளைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். நமக்குச் சோறு போடுவது இதுதானே என்று சொல்லி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணன் அதன் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தார்.

"அண்ணே, ரப்பர்ல ஊறிக்குமே" என்றேன். பெயின்ட் மேஜைக்குத் தலைமையாக இருந்த அக்கா சிரித்தாள். "ஊறட்டுமே. உன் மூஞ்சிய விட அது எவ்ளோ லட்சணமா கீது பாரு."

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. அது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு புத்தகத்தைக்கூடத் தொட மாட்டோம். ஆகவே சாம்பிள் சந்தனம் குங்குமத்தோடு அப்படியே இருந்தது. மறுநாள் கற்பூரம் காட்டி முடித்து ஈரத்துணியால் துடைத்தபோது சந்தனம் போயிற்று. குங்குமம் போகவில்லை. மஞ்சள் நெற்றியில் கட்டை விரல் அளவுக்குச் சிவப்பாக இறங்கியிருந்தது.

சோப்பு போட்டோம். புளி தேய்த்தோம். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தோம். பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டால் மஞ்சளும் சேர்ந்து போய்விடும் என்று நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்றார்கள். வெளுத்தது, ஆனால் சிவப்பு ஆரஞ்சானது, அவ்வளவுதான். பம்பாய் ஆபீஸிலிருந்து அதிகாரி லைசென்ஸ் விஷயமாக அடுத்த வாரம் வருகிறார் என்று அப்போதுதான் தந்தி வந்தது. அவர் வந்தால் முதலில் கேட்பது சாம்பிளைத்தான். நாங்கள் செய்த பொம்மையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அதே வாரம் என் மகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னமும் கழுத்தும் வீங்கி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கிடந்தாள். சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று என் மனசு ஓடியது. வைத்த பொட்டைத் தேய்த்துத் தேய்த்து அழித்ததில் நானும் ஒரு ஆள்தானே.

அதிகாரி வருவதற்கு முன்தினம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். சாம்பிள் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடலாமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மெஷின் அண்ணன்தான் சொன்னார்: "பொட்டு நான்தான் வச்சேன் மொதலாளி. நானே சொல்லிக்கிறேன். சாமிக்கு செஞ்சத இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது." முதலாளி தலையை ஆட்டினார். அவருக்கும் பொய் சொல்லத் தைரியம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அதிகாரி பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை. பெட்டியைத் திறந்து சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் நடந்ததைச் சொன்னார். அவர் கத்துவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கத்தவில்லை. தன் வீட்டிலும் மிக்சிக்குப் பொட்டு வைப்பார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இது இனிமே சாம்பிள் இல்லை. ரிஜெக்ட். ரிஜெக்டை என்ன பண்ணுவேள்?"

அறுத்துவிடுவோம் என்றார் முதலாளி.

"அதை என் கண்ணு முன்னாடி பண்ணணும். பழசு அழிஞ்சுதுன்னு நான் எழுதினாத்தான் புதுசு அனுப்புவா. சாம்பிள் இல்லாத எடத்துக்கு லைசென்ஸ் கிடையாது."

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "பூஜைல வச்ச பொருளு சார். பூசணிக்கான்னா ஒடைக்கலாம். இத எப்டி அறுக்கறது?"

பிள்ளையாரை விடுகிற மாதிரி ஏரியில் விட்டுவிடலாமே என்று அக்கா சொன்னாள். அதிகாரி அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ரப்பர் மிதக்கும்மா. மிதந்துண்டு போய் யார் கையிலயாவது சேரும்" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

இங்கே யார் அறுக்கிறவர்கள் என்று அவர் கேட்டார். ஒருத்தரும் என்னைக் காட்டவில்லை. ஆனால் எல்லோர் பார்வையும் என் பக்கம் வந்து நின்றுவிட்டது. முதலாளி உத்தரவு போட்டிருந்தால்கூட மனசுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பழி அவர் மேல் போயிருக்கும். அவரோ, "உன் இஷ்டம்மா" என்றார்.

கத்தியை எடுத்து வந்தேன். வழக்கமாகக் கழுத்தில் ஒரு அறுப்பு, அப்புறம் முகத்தில் ஒரு அறுப்பு. கழுத்துக்குக் கத்தியைக் கொண்டுபோனபோது வீட்டில் வீங்கிய கழுத்தோடு படுத்திருந்த மகள்தான் கண்ணுக்குள் வந்தாள். கை இறங்கவில்லை.

"கயுத்துல வேணாம் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன்.

"எங்க வேணா அறுங்கோ. மூஞ்சி யாருக்கும் உபயோகப்படக் கூடாது, அவ்வளவுதான்."

அண்ணன் வெளியே போய்விட்டார். நான் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு தாடையிலிருந்து மேலே அறுத்தேன். வாய், மூக்கு, இரண்டு கண்ணுக்கும் நடுவே. எத்தனையோ அறுத்த கைதான், அன்றைக்கும் அது நேராகத்தான் போனது. கத்தி ஆரஞ்சுக் கறையின் ஓரம் வந்ததும் தானாக நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அதிகாரி பொம்மையின் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"போதும்" என்றார்.

முத்திரையை வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எழுத வேண்டியதை எழுதினார். நாங்கள் செய்த பொம்மைகளைத் தன்னிடம் இருந்த வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தார். குறை சொல்லவில்லை. மத்தியானம் பஸ் ஏறும் முன்பு, புதுச் சாம்பிள் தபாலில் வரும், லைசென்ஸும் கூடவே வரும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். பிளந்த பொம்மையை அண்ணன் ஒரு துணியில் சுற்றித் தன் சைக்கிள் பையில் வைத்துக்கொண்டார். எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை. சட்டப்படி கேட்டிருக்க வேண்டும்.

முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். சீக்கிரம் போனால் மாமியார் ஏன் என்று கேட்பார், மகளின் கழுத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். போகாமல் மேஜையில் உட்கார்ந்து கண் எழுத ஆரம்பித்தேன். அப்போதுதான் பிரஷ் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. எழுதி எழுதி வரிசையில் வைத்தேன். எல்லாம் எங்கேயோ பார்த்தன.

அக்கா வந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "லைசென்ஸுதான் வந்துடும்னுட்டாரே. இன்னும் இன்னாடி பயம் உனக்கு?"

"ஒரு வருசத்துக்குத்தானே அக்கா குடுக்கறாங்க" என்றேன்.

அவள் கோணல் கண் பொம்மைகளை ஒதுக்கி என் முன்னால் குவித்துவிட்டு, கத்தியை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.