நன்னாவின் ஆடுகிற பல்

எங்கள் நன்னாவுக்கு முன்னால் சோற்றுத் தட்டை வைத்தால், அதில் உருப்படியாக இருப்பதெல்லாம் முதலில் இடம் மாறிவிடும். முட்டை என் தட்டுக்கு வரும். மீன் துண்டு தம்பியின் தட்டுக்குப் போகும். வெள்ளிக்கிழமை கறி எடுத்திருந்தால் பெரிய துண்டைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாக வைப்பார். அப்புறம் வெறும் சோற்றில் புளியாணத்தை ஊற்றிக்கொள்வார். புளியாணம் என்பது புளியைக் கரைத்து மிளகு தட்டிப் போட்ட தண்ணீர். ரசத்துக்கு ஏழைத் தம்பி. உலகத்தில் அதைவிட ருசியானது ஒன்றும் கிடையாது என்கிற மாதிரி அதைப் பிசைந்து சாப்பிடுவார். ஏன் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"பல்லு ஆடுது புள்ள. நீ தின்னு."

நன்னா என்றால் எங்கள் அத்தாவை, அதாவது அப்பாவைப் பெற்றவர். அவருடைய பல் ஆடி நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் சாப்பாடு முடிந்த கையோடு கொட்டைப்பாக்கை வாயில் போட்டு அவர் கடக்கென்று கடிப்பதைத் தினமும் கேட்டிருக்கிறோம். கறியைவிடப் பாக்கு மெத்தென்று இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஏழு வயது. கையில் கறித் துண்டு இருக்கும்போது அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அது சண்டைக் காலம். எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளில் ஆண்கள் கிடையாது. மலேயா, பர்மா என்று பிழைப்புக்காகச் சபர் போனவர்கள் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். தம்பி தொட்டிலில் கிடந்தபோது பினாங்குக்குக் கப்பல் ஏறிய அத்தாவும் அப்படித்தான். ஜப்பான்காரன் உள்ளே புகுந்ததிலிருந்து கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. அரிசி கிடைப்பதே பெரும்பாடு. எங்கள் மேட்டு நிலத்தில் விளைந்த கம்பும் சோளமும் தாங்கிக்கொண்டிருந்தன. முட்டைக்கு இரண்டு கோழிகள் இருந்தன, அவையும் மனசு வைத்தால்தான்.

இருப்பதில் நல்லதை அம்மா மாமனாருக்குத்தான் வைப்பாள். ஆனால் மருமகள் மாமனார் எதிரில் நிற்பதோ நேராகப் பேசுவதோ எங்களில் வழக்கமில்லை. சாப்பாட்டை விரிப்பில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். "இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு நன்னாகிட்ட கேளுடி" என்று கதவு பேசும். "போதும்னு சொல்லு" என்று நன்னா என்னிடம் சொல்வார். ஆறடி தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரியாக இருந்தேன். அந்த உத்தியோகத்தில் எனக்குப் பெருமை.

கடித்துப் போட்ட எலும்பையும் மீன் முள்ளையும் தன் தட்டிலேயே போடச் சொல்லுவார் நன்னா. பிள்ளைகள் தட்டு சுத்தமாக இருக்க வேண்டுமாம். தட்டை எடுக்க வரும் அம்மா நன்னா தட்டில் எலும்பைப் பார்த்து, மாமா நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று மனம் நிறைந்து போவாள்.

அப்படிச் சாப்பிடுகிற மனிதர் ஏன் இளைத்துக்கொண்டே போகிறார் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. கன்னம் ஒட்டியது. பாதம் வீங்கியது. வாயின் ஓரங்கள் வெடித்தன. பெரம்பலூரிலிருந்து வைத்தியரை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் நாடி பார்த்துவிட்டு, வயசாச்சு, விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் அம்மா அழுதாள். அத்தா திரும்பி வரும்போது நன்னாவை ஒப்படைக்க முடியாமல் போய்விடுமோ என்பது அவள் பயம். எனக்கு அது புரியவில்லை. பெரியவர்களை யாராவது ஒப்படைப்பார்களா?

இந்த நிலையில் நோன்பு மாதம் வந்தது. முதல் பிறை பார்க்க ஊரே வெள்ளாற்று மணலில் கூடியது. நன்னா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் மேற்கே கையைக் காட்டியபோது அவரும் "தெரியுது, தெரியுது" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் புளியமரத்தின் பக்கம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இதைச் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மாமாவுக்கு மாலைக்கண் வேறு வந்துவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இந்த உடம்போடு நோன்பு வைத்தால் மாதம் முடியும்போது மனிதர் இருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பள்ளிவாசல் அஜரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டாள். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு, ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று அவர் சொல்லியனுப்பினார். அதை நான்தான் நன்னாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"சலுகை சீக்காளிக்கு. நான் என்ன சீக்காளியா? ஒங்கம்மாகிட்ட போயிச் சொல்லு" என்றார் நன்னா. எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆக, நோன்பு வைத்தார். சாயங்காலம் அவரைப் பள்ளிவாசலுக்குக் கைப்பிடித்து அழைத்துப்போவது என் வேலை. கல், பள்ளம், மாட்டுவண்டி எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிவிப்பேன். அவர் உள்ளே போய்விடுவார். நான் தூக்குச்சட்டியோடு பெண்பிள்ளைகள் வரிசையில் நின்று வீட்டுக்குக் கஞ்சி வாங்கிக்கொள்வேன்.

அந்த வருஷத்துக் கஞ்சியைப் பற்றி ஊரில் ஒரே குறை. அரிசி இல்லாததால் பாதிக்குப் பாதி சோளக் குருணை. இடத்தை நிரப்பப் பாசிப்பருப்பு. நல்ல கறி கிடைக்காததால் ஈரலையும் சுவரொட்டி என்கிற மண்ணீரலையும் பொடியாகக் கொத்திப் போட்டார்கள். புதினா வரத்து நின்றுபோனதால் கஞ்சி காய்ச்சுகிறவர் பள்ளிவாசல் கொல்லையிலிருந்து முருங்கைக்கீரையை உருவிப் போட்டார். தேங்காய்ப்பால் மட்டும் பழையபடி. இது கஞ்சியா, கழனித்தண்ணியா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தபடியே இரண்டாவது கோப்பையும் வாங்கினார்கள். நன்னாவும் வாங்கினார்.

எங்கள் தம்பிக்குத்தான் மனத்தாங்கல். கஞ்சியில் எல்லாம் கரைந்து கிடந்தது. பிய்த்துக் கொடுக்க ஒரு துண்டுகூட இல்லை. விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்கு எங்களை எழுப்புவதும் இல்லை. நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அம்மா வைத்த முட்டையை நன்னா என்ன செய்வார்? வேறு வழியில்லாமல் அவரே சாப்பிட்டிருக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து நோன்பு போனது. பாதத்து வீக்கம் வடிந்துவிட்டதை அம்மா ஈரக் காலடித் தடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். வாய்ப் புண் ஆறியது. ஒருநாள் பள்ளிவாசல் போகும் வழியில் "பள்ளம் நன்னா" என்று நான் சொல்வதற்குள் அவர் தாண்டிவிட்டார். இன்னொரு நாள் என் கையையே விட்டுவிட்டு முன்னால் நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது; வேலை போய்விட்டதே!

நோன்பு முடியும் பெருநாள் பிறை பார்க்க மறுபடியும் ஊர் மணலில் கூடியது. மேகம் வேறு. இளைஞர்கள் எல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றபோது, "அந்தா, பனைக்கு மேல, ஒரு முழம் தள்ளி" என்று கையை நீட்டினார் நன்னா. இந்தத் தடவை கை புளியமரத்தைக் காட்டவில்லை. நகம் மாதிரி அங்கே இருந்தது பிறை.

நோன்பின் பரக்கத், அல்லாஹ்வின் அருள் என்று ஊர் சொன்னது. நானும் மறுக்க மாட்டேன். இன்று எனக்கே வயதாகி, டாக்டர் என் தட்டில் பருப்பு எங்கே, கீரை எங்கே, முட்டை எங்கே என்று அதட்டுகிறார். வெறும் சோறும் ரசமுமாக வயதானவர்கள் காலத்தை ஓட்டக் கூடாதாம். கீரை உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பும் கூடவே போக வேண்டுமாம். சரிதான். பரக்கத் என்பது ஈரலாகவும் முருங்கைக்கீரையாகவும் தேங்காய்ப்பாலாகவும் வரக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லையே.

பெருநாள் அன்று ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் தட்டுகளில் முழுத் துண்டுகள் விழுந்தன. அம்மா கதவுக்குப் பின்னால் போனாள். நன்னாவின் கை வழக்கம்போல நீண்டது. தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நன்னாவுக்குப் பல்லு மறுபடியும் ஆடுது!" என்று கத்தினான்.

கதவு கொஞ்சம் திறந்தது. இடுக்கில் அம்மாவின் ஒரு கண் தெரிந்தது. என் தட்டிலும் தம்பியின் தட்டிலும் கறி. நன்னாவின் தட்டில் சோறும் புளியாணமும், நான் அப்போதுதான் போட்ட எலும்பும். அந்தக் கண் வெகுநேரம் இமைக்கவில்லை. பிறகு கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. ஏதோ தப்பு செய்துவிட்டோம், பின்னால் பூசை இருக்கிறது என்று நான் பயந்தேன். அம்மா எங்களை ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது மட்டும் முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டேயிருந்தாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் துண்டு என்பதே ஒழிந்தது. கறி பொடியாகக் கொத்தப்பட்டுப் பருப்போடு வெந்தது. முட்டை கீரையில் உடைத்துக் கிளறப்பட்டது. மீனைக்கூட முள் எடுத்து உதிர்த்துச் சோற்றோடு பிசைந்தே வைத்தாள். எல்லார் தட்டிலும் ஒரே குழைசல். நன்னா அதிலிருந்து அள்ளிக் கொடுக்க வந்தால் நாங்களே தட்டை இழுத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார் நன்னா. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "ஒங்கம்மா ஏன் எல்லாத்தையும் இப்புடிக் கொத்திப் போடுறான்னு கேளு."

நான் கேட்கப் போவதற்குள் கதவு பதில் சொல்லிவிட்டது.

"பல்லு ஆடுதுன்னு சொன்னாங்கள்ல. அதான்னு சொல்லு."

நன்னா என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். தட்டு காலியாகும்வரை நிமிரவில்லை. அன்றைக்குப் பாக்கைக் கடிக்காமல் உரலில் இடித்துத் தரச் சொன்னார். பல் ரொம்ப மோசமாகிவிட்டது என்று எனக்குப் பாவமாக இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. சண்டை முடிந்து, கப்பல் விட்டு, ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் ஒருவர் வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிச்சைக்காரர் என்று நினைத்தார்கள். மங்கிய வெளிச்சத்தில், அவ்வளவு தூரத்திலிருந்து அடையாளம் கண்டவர் நன்னா ஒருவர்தான். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். வந்தது அத்தா. அவர் பையிலிருந்து எனக்கென்று எடுத்துக் கொடுக்க ஒரு தகர டப்பாப் பல்பொடிதான் இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டில், நன்னா எங்கள் இரண்டு பேரையும் அத்தாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இந்தா ஒன் புள்ளைங்க. நல்லாப் பாத்துக்க, வாடல" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா ஒரு தட்டை நீட்டினாள். வெகுநாளைக்குப் பிறகு முழுசாக ஒரு கறித் துண்டு, எலும்போடு. "நன்னாவுக்கு வையி. இப்பவும் பல்லு ஆடுதான்னு கேளுடி" என்றாள்.

நான் கேட்டேன். நன்னா அத்தாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இல்ல, நின்னுருச்சின்னு சொல்லு" என்றார். அந்தத் துண்டை யாருக்கும் பிய்த்துத் தராமல், எலும்பை உறிஞ்சி முடிக்கும்வரை தானே சாப்பிட்டார். கதவுக்குப் பின்னால் அம்மா அழுவது கேட்டது. இவ்வளவு நல்ல நாளில் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

இத்தனை நாள் ஆடிய பல் ஒரே ராத்திரியில் நின்றுவிட்டதே என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். காரணம் சட்டென்று விளங்கிவிட்டது. மறுநாள் காலையில் அந்தப் பினாங்குப் பல்பொடி டப்பாவை எடுத்துத் துணியில் சுற்றி, தம்பி கைக்கு எட்டாத மாடத்தில் ஒளித்து வைத்தேன். நன்னாவுக்குப் பல் மறுபடியும் ஆடினால் வேண்டுமே.