மூடியைத் திறக்கச் சொன்ன அம்மா

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், ஆவடி பக்கம் கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்தவர். பெரிய இரும்பு டேங்குகளுக்குள் ஆள் நுழையும் ஓட்டை வழியாக இறங்கி, உட்கார்ந்தும் படுத்தும் வெல்டிங் வைப்பதுதான் வேலை. ரிட்டயர் ஆன மறுநாளே மனிதர் வெளியில் குடியேறிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பகலெல்லாம் ஏரிக்கரையும் தூண்டிலும். படுக்கை மொட்டை மாடியில். மழை வந்தால்கூட படிக்கட்டு வரைதான் இறங்குவார். நாள் முழுக்க உட்கார்ந்து விரல் நீள மீன் இரண்டைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டுவார். "இத வெச்சி ஊருக்கே கொழம்பு வெக்கலாம் போல கீதே" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

ஒரு விடியற்காலை, அதே மாடியில் மாரடைப்பில் போய்விட்டார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் போனில் அழுதான். "நான் வர்ற வரைக்கும் எடுத்துடாத. அப்பா மொகத்த ஒரு தடவ பாத்துடணும்" என்றான். நியாயமான ஆசைதான். கொள்ளி வைக்க வேண்டியவனும் அவன்தானே. ஐஸ் பெட்டி வரவழைத்து, அப்பாவை உள்ளே படுக்க வைத்து, கண்ணாடி மூடியைப் போட்டோம்.

அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்திவிட்டாள். பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "கொஞ்சம் தொறயேன், அவுருக்கு மூச்சு முட்டும்" என்று கெஞ்ச ஆரம்பித்தாள். புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள், அங்கே பனிப்புயல், விமானம் ரத்து, எப்போது கிளம்புவேன் என்று தெரியவில்லை என்றான் அண்ணன். அம்மா அப்போதும் பச்சைத் தண்ணீர்கூட குடிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அவுரு தூக்கத்துல கத்துவாரு, தெரியுமாடி உனக்கு? 'டேங்குக்குள்ள கீறேன், மூடிட்டானுங்க, தொறங்கடா'ன்னு. ரிட்டயர் ஆயி மாடியில படுத்தப்புறந்தான் அது நின்னுச்சு."

எனக்குத் தெரியாது. அப்பாவுக்குக் காற்று வாங்கப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அண்ணனுக்குப் போன் போட்டு, இனிமேல் காத்திருக்க முடியாது என்றேன். முதலில் கத்தினான், பிறகு கெஞ்சினான். கெஞ்சியதுதான் தாங்க முடியவில்லை. பெண் கொள்ளி வைப்பதா என்று பெரியப்பா எகிறினார். "அவதான் வெப்பா. கேஸ்ல எரிக்கிற மேடையும் வாணாம், அதுவும் ஒரு பொட்டிதான்" என்றாள் அம்மா. மூடியைத் திறந்து அப்பாவை வெளியே எடுத்தபோது அவள் வாய்விட்டுக் கதறினாள். சுடுகாட்டில் திறந்தவெளியில் வரட்டி அடுக்கி, நான் கொள்ளி வைத்தேன்.

அண்ணன் வந்து சேர்ந்தபோது கரைப்பதற்குச் சாம்பல்கூட மிச்சமில்லை. அம்மாவிடம் பேசுகிறான், என்னிடம் இன்றுவரை பேசவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன். அன்று செய்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியானதைச் செய்தாலும் அதன் வலியை யாராவது ஒருவர் சுமந்துதான் ஆக வேண்டும், எங்கள் வீட்டில் அதைச் சுமப்பவன் என் அண்ணன்.