கருவாட்டோடு காய்ந்த பிள்ளை

காசிமேட்டில் கருவாடு காயவைக்கும் பச்சையம்மாவின் வாய்க்குப் பயந்து போலீஸ்காரனே ஒதுங்கிப் போவான். அந்த வாய் பிள்ளை குப்பன் விஷயத்தில் மட்டும் அடைத்துப்போனது. ஏழாம் மாசத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவன். பஞ்சில் சுற்றிப் பிழைக்கவைத்தாள். ஊர்க்கண் பட்டுவிடுமாம், வாசல் வெயிலைக்கூடக் காட்டாமல் இருட்டு அறையிலேயே வளர்த்தாள். கண் படவில்லை, காலும் வரவில்லை. இரண்டு வயசு முடிந்தும், நிறுத்தினால் கால் வளைந்து பொத்தென்று உட்கார்ந்துவிடுவான்.

நாத்தனார் புஷ்பவல்லிக்கு அது போதாதா? "நொண்டியப் பெத்தவள வச்சிகினு இன்னா பண்ணப்போற? முகத்துவாரக்குப்பத்துல ஒரு பொண்ணு கீது. தை பொறந்ததும் முடிச்சிடலாம்" என்று தம்பி கிருஷ்ணப்பனை அரித்தாள். பொங்கலுக்குள் பையன் நடக்காவிட்டால் பார்க்கலாம் என்றான் அவன். நல்ல ஆம்பிளை!

பச்சையம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராயபுரத்து லேடி டாக்டரிடம் ஓடினாள்.

"எலும்புக்கு வேண்டிய சத்து கடைசி மாசங்கள்லதான் வயித்துல சேரும். இவன் அதுக்கு முன்னாடியே வந்துட்டான். அப்புறமும் நீ வெயிலே காட்டலை. தினம் வெயில்ல போடு, மீன் எண்ணெய் குடு" என்றாள் அந்த அம்மாள்.

பச்சையம்மாவுக்குத் தெரிந்த மீன் எண்ணெய் ஒன்றுதான்: படகுப் பலகைக்குப் பூசுகிற சுறா ஈரல் எண்ணெய். அதைப் போய்ப் பிள்ளைக்கு ஊட்டுவார்களா? டாக்டரம்மா வாய் தவறிச் சொல்லியிருப்பாள் என்று முடிவுகட்டி, உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசினாள். பலகையைக் காப்பாற்றுகிற எண்ணெய் எலும்பைக் காப்பாற்றாதா? தினமும் பூசிய கையோடு, காயும் நெத்திலிக்கு நடுவே மணலில் கிடத்தினாள். அந்தத் திருட்டுப் பயல் விரலைச் சப்பிச் சப்பிப் பாதி எண்ணெயை உள்ளே தள்ளிவிட்டான். குப்பமே மூக்கைப் பிடித்தது. பூனைகள் மட்டும் அவனை விட்டு நகரவில்லை.

"இன்னாமே, இந்தக் கருவாடு எப்போ காயும்?" என்றார் கருவாட்டு வியாபாரி சௌக்கத் அலி.

"உன் நாக்கு காயறப்போ காயும், போ பாய்!"

மார்கழி முடியும்போது, முகத்துவாரக்குப்பத்துக்குத் தாம்பூலம் கொண்டுபோகத் தம்பியைக் கூப்பிட வந்தாள் புஷ்பவல்லி. கடற்கரையிலேயே சண்டை மூண்டது. பச்சையம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்த நேரம், பின்னால் நெத்திலி நொறுங்கும் சத்தம்.

"எவண்டா அது, கருவாட்ட மிதிக்கிறது?" என்று கத்திக்கொண்டே திரும்பினாள்.

குப்பன் நின்றுகொண்டிருந்தான். ஆடி ஆடி இன்னொரு காலையும் எடுத்து நெத்திலி மேலேயே வைத்தான்.

"மிதிடா என் ராசா! எல்லாத்தையும் மிதி!" என்று அலறியவள், மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.