கரடிப் பாதையில் ஒரு ரோபோ குழு

ரோபோ குழுவுக்குப் பிள்ளை சேர்ப்பதும் வீடு வீடாகப் பினாயில் விற்பதும் ஒரே தொழில்தான்; என்ன, பினாயில் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். கதவு தட்டி விற்றுப் பிழைப்பவர்களுக்கு இது புரியும். தேயிலை மலையில், அரவேணுப் பக்கம் எங்கள் பள்ளியில் ஆறு பிள்ளைகள் சேராவிட்டால் குழு கிடையாது. அதற்கென்றே டீச்சராக வைத்த எனக்கும் வேலை கிடையாது. டீ ஃபாக்டரியை மூடியதும் என் கணவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். கைக்குழந்தையோடு நான் மட்டும் இங்கே.

கொட்டகையில் விளம்பரம்

பெற்றோர் கூடும் இடம் பறித்த தேயிலையை எடை போடும் கொட்டகைதான். தரையில் கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேலேயே ஓடும் குட்டி ரோபோ வண்டியை விட்டேன். வளைவில் அது தானாகத் திரும்பியதும் ஒருவர் கை தட்டினார். கான்வென்ட்டில் படித்தபோது பேசிய பேச்சுப் போட்டி ஞாபகத்தில் எதிர்காலம், தன்னம்பிக்கை என்று நானும் அடுக்கினேன். அன்று இலை விலை மறுபடி இறங்கியிருந்தது. முன்னால் நின்ற அம்மா தலைச்சுமையை இறக்காமலே கேட்டார்:

“ஏனுங்க டீச்சர், இந்த வண்டி இந்த மூட்டையத் தூக்குமுங்களா?”

சல்மாவின் அப்பா

ஒன்பதாம் வகுப்பு சல்மா தானாகவே வந்து, “நான் சேரட்டுமா மிஸ்?” என்றாள். சந்தோஷமாக அவள் வீட்டுக்குப் போனேன். பயிற்சி முடிய மாலை ஆகிவிடும். வழியில் இருக்கும் தோட்டத்தில் விலை இல்லாததால் பறிப்பும் இல்லை, கிளை வெட்டும் கவாத்தும் இல்லை; செடிகள் ஆளுயரம் வளர்ந்து, உள்ளே கரடி படுக்கிறது. சல்மாவின் அப்பாவையே போன மாதம் அடித்துவிட்டது. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, மளிகைக்கடையில் உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்:

“படிப்பு நல்லதுதானுங்க. கரடிக்கு அது தெரியாதுங்களே.”

நான் கொடுத்த வாக்கு

எல்லா வீட்டிலும் இதே பதில். கடைசியில், பிள்ளைகளை நானே வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தெருநாய்க்கே வழிவிட்டு ஒதுங்குகிறவள் நான். ஆறு பேர் சேர்ந்தார்கள்.

முதல் நாள் மாலை நல்ல பனிமூட்டம். கரடி விலகட்டும் என்று பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே நடந்தார்கள். ஒவ்வொரு வீடாக ஒருவர் குறைய, சத்தமும் குறைந்தது. கடைசி வீடு சல்மாவுடையது. பக்கத்து வீட்டில் விட்டுவந்த என் குழந்தை பாலுக்கு அழுதிருக்கும். சல்மாவின் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நான் திரும்ப வேண்டிய பாதையைப் பார்த்தார்.

“எல்லாரையும் கொண்டாந்து உட்டுட்டீங்க. உங்கள ஆருங்க டீச்சர் கொண்டுபோய் உடறது?”

ஆக, குழு தப்பியது, வேலையும் தப்பியது. இனி தினமும் தப்ப வேண்டியது நான் ஒருத்திதான்.