கொதிக்கிற வண்டியில் ஏழு ஓட்டு

அறுபத்தொன்று. இந்த எண்ணை மனதில் போட்டு வையுங்கள்.

கல் குவாரியில் நூற்றிருபது பேர் வேலை பார்த்தோம். குழிக்கு நிர்வாகமே பஸ் விட வேண்டும் என்று சங்கம் கேட்டது. பாதிக்கு மேல் ஒரு ஓட்டு விழுந்தால் விட்டாக வேண்டும், ஒப்பந்தம் அப்படி. ஓட்டுப் பெட்டி மேட்டிலுள்ள ஆபீசில். ஐந்து மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள்.

பஸ் வந்தால் கேன் அக்காவுக்குப் பிழைப்பு இல்லை. குழியின் அடிமட்டத்தில் வேலை செய்யும் ஏழு பேரைத் தினமும் ஏற்றி இறக்குவது அவருடைய பழைய ஜீப்தான். சீட்டுக்கு அடியில் எப்போதும் தண்ணீர் கேன்கள் உருளும், பேர் அப்படி வந்தது. ரேடியேட்டர் ஒழுகும். மேடேறினால் என்ஜின் கொதிக்கும். "இன்னொரு தடவ கொதிச்சா என்ஜின் ஹெட்டு வளைஞ்சிடும். அப்புறம் இரும்புக் கடைக்குத்தான்" என்று மெக்கானிக் கையை விரித்திருந்தார். அதனால் பாதி மேட்டில், வளைவில், வண்டியை நிறுத்தி ஆறவிடுவது வழக்கம்.

ஜீப் முதலில் அக்காவின் கணவருடையது. கண் மங்கியதும் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார். வண்டி வாசலுக்கு வரும் சத்தத்தை வைத்தே, "பெல்ட் கத்துதே, பாத்தியா?" என்பார். அன்று காலையில் வேறொன்று சொன்னார்.

"இன்னைக்கு வழியில நின்னுட்டா யாரும் உன்னக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

அக்கா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

ஷிஃப்ட் முடியும் சைரனை, நிர்வாகத்தின் ஆளான மேஸ்திரி அன்று தாமதமாக ஊதினார். ஏன் என்று கேட்க வேண்டுமா? ஏழு பேரும் ஓடிவந்து ஏறினார்கள். வளைவு வந்தது. பழக்கத்தில் அக்காவின் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்தது. என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆறவிட்டால் ஆபீஸ் கதவை அடைத்துவிடுவார்கள். அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"ஏழு பேரு உக்காந்திருக்கீங்க. நிறுத்தாதேன்னு சொல்ல ஒருத்தனுக்கு வாய் இல்லையா?"

வெல்டர்தான் முனகினார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது அக்கா? உன் சோத்துலயே மண்ணள்ளிப் போடப் போறோம்."

"தினமும் இந்த மேட்டுல ஏழு உசுரு என் முதுகுல உக்காருது. பிரேக்கு பிடிக்குமா, டயரு தாங்குமான்னு எண்ணிக்கிட்டேதான் ஓட்டுறேன். ராத்திரி கண்ண மூடினா இந்த முள்ளுதான் வருது. சோறாம் சோறு! கண்ணாடிய இறக்குங்கடா."

ஹீட்டரை முழுதாகத் திருப்பினார். என்ஜின் சூட்டை வண்டிக்குள் இழுத்துவிடும் பழைய வித்தை. வெளியே வெயில், உள்ளே அடுப்பு.

"அக்கா, வேகவச்சுதான் இறக்குவ போல" என்றார் டிரில்லர்.

"வெந்தாலும் விரல்ல மை வைக்கலாம். வாய மூடு."

கடைசி ஏற்றம் முழுக்கச் சரளை. பின்சக்கரம் சறுக்கியது. அக்கா நாலு சக்கர லீவரை இழுத்து, லோ கியரில் போட்டார். வண்டி முக்கி முனகி ஏறியது. முள் சிவப்பின் கடைசிக்குப் போய் அங்கேயே நின்றது. பானட் இடுக்கில் ஆவி. ஆபீஸ் கேட் கண்ணுக்குத் தெரிந்தபோது என்ஜின் இரண்டு முறை டக்கென்று இடித்தது.

"குதிங்க! ஓடுங்க!"

ஏழு பேரும் ஓடினார்கள். காவலாளி கதவில் கை வைத்துவிட்டார். வெல்டர் பூட்ஸ் காலை இடுக்கில் நுழைத்துக்கொண்டு, "காலோட சேத்து அடைங்க சார், பாக்கலாம்" என்றார்.

அக்கா வண்டியை விட்டுப் போகவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்து, துணியைச் சுற்றி மூடியைத் திறந்து, கேன் கேனாக ஊற்றினார். சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடித்தது. ஆனால் சைலன்சரில் வெள்ளைப் புகை, நிற்கவே இல்லை. ஹெட்டு வளைந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

ஓட்டு எண்ணி முடிந்ததும் வெல்டர் திரும்பி வந்தார். இன்னும் கலையாத புகையைப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற? எத்தன?"

"அறுபத்திரெண்டு."