அரை மணி நேர கரண்ட்

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்குச் சில நாட்கள் முன்பு நடந்தது. திருத்தணி மலையடிவாரத் தெருக்களில் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை. நான் லைன்மேன். மாவு அரைக்கவில்லை, மோட்டார் ஓடவில்லை என்று அன்று ஆளாளுக்கு வந்து என்னிடம் சண்டை போட்டார்கள். அதனால் மதியம் ஓர் அம்மா கம்பத்தடிக்கு ஓடிவந்தபோது, நான் முகம் கொடுத்தே பேசவில்லை.

“ண்ணா, கொழந்தைக்கு மூச்சு முட்டுதுண்ணா. மிஷின் வெச்சுப் பாரு, அடங்கலேன்னா இட்டுகினு வான்னு டாக்டர் போன்ல சொன்னாரு. அரை மணி நேரம் கரண்ட் குடுத்தா போதும்.”

எட்டு வயது மகளுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயாம். நுரையீரலில் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும். உப்புத்தண்ணீரை மிஷினில் புகையாக்கி இழுத்துத்தான் அதை இளக்க வேண்டும்.

பொறியாளருக்குப் போன் போட்டேன். ஒத்துக்கொண்டார். ஆட்களையெல்லாம் கம்பத்திலிருந்து இறக்கிவிட்டு, அரை மணி நேரத்துக்கு மட்டும் கரண்ட் கொடுத்தோம். பெரிய உபகாரம் செய்துவிட்ட மிதப்பில், அந்த வீட்டுக்கே போய் எட்டிப் பார்த்தேன்.

மேலே ஃபேன் சுற்றுகிறது. மேஜையில் மிஷின் சும்மா கிடக்கிறது. குழந்தை முன்னால் குனிந்து, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்குகிறாள். அம்மாவோ வாயில் அடிக்கும் பஃப் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு, அவள் முதுகைத் தடவியபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “இன்னாம்மா இது? ஊரெல்லாம் திட்டு வாங்கிகினு கரண்ட் குடுத்தா, கடிகாரத்தைப் பாத்துகினு குந்தியிருக்கீங்களே!” என்று நானே கை நீட்டி மிஷின் சுவிட்சைப் போட்டேன். அவர் அதே வேகத்தில் அணைத்தார்.

“தொடாதீங்கண்ணா. மூச்சுக்குழாயைச் சுத்தி ஒரு சதை கீது. இப்போ அது இறுக்கிக்கினு கீது. உங்ககிட்ட சொல்லிட்டு ஓடியாந்து இப்போதான் பஃப் அடிச்சேன், பதினஞ்சு நிமிஷம் ஆனாதான் இளகும். அதுக்கு முன்னாடி உப்புத்தண்ணி போனா இன்னும் இறுக்கிக்கும். ஒருவாட்டி அவசரத்துல நானே அப்டிப் பண்ணிட்டு, இவளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடினேன்.”

குரல் உயரவில்லை. நானும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். குழந்தை இருமும்போதெல்லாம் என் கைதான் சுவிட்சுக்குப் போனது. அவர் கை போகவில்லை. என்ன மனுஷி இவர் என்று வியந்துபோனேன்.

பதினைந்து நிமிடம் ஆனதும் மிஷினைப் போட்டார். நான் வெளியே வந்து பொறியாளரிடம் கெஞ்சி, இன்னும் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். புகை இழுத்து முடித்ததும், உள்ளங்கையைக் குவித்து மகளின் முதுகில் தட்டினார். கட்டி கட்டியாகச் சளி வந்தது. மெல்ல மூச்சு சீரானது. குழந்தை என் இடுப்புக் கயிற்றையே பார்த்துவிட்டு, “மாமா, கம்பத்துல ஏறுனா பயமா இருக்காதா?” என்று கேட்டாள். கேள்வி கேட்க மூச்சு வந்துவிட்டதே என்று அம்மா சிரித்தார், அழுகையோடு.

அவள் கேட்டது எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. லைனை நிறுத்தினாலும், எர்த் ராடு மாட்டிக் கம்பியை மண்ணோடு இணைத்த பிறகுதான் தொட வேண்டும். யார் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தாவது மின்சாரம் திரும்பி வரலாம். சின்ன வேலைதானே என்று எத்தனையோ முறை ராடு மாட்டாமல் ஏறியிருக்கிறேன். அன்று மறுபடி லைனை நிறுத்தியதும், கூட வேலை பார்ப்பவர், “ஏறுப்பா, நேரமாவுது” என்றார். நான் ராடைத் தேடி எடுத்து வந்து மாட்டினேன்.

அன்று முதல் ராடு மாட்டுவதை ஒருநாளும் விட்டதில்லை. மகள் திணறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பதினைந்து நிமிடம் பொறுத்திருந்தார் அந்த அம்மா. அவருக்கு இருந்ததைவிடப் பெரிய அவசரம் எனக்கு எந்தக் கம்பத்தடியிலும் வந்ததில்லை.