சூர்யகலா பேபியின் அப்பாவுக்குக் கூச்சம்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் மதன்குமாருக்கு உடம்பெல்லாம் கூச்சம். கூட்டத்தில் யாருடைய முழங்கையாவது விலாவில் பட்டால் துள்ளிக் குதிப்பான். கல்யாணச் சட்டைக்குக்கூட டெய்லர் அவனைத் தொட்டு அளவெடுக்க முடியாமல், பழைய சட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் தைத்தார்.

அவனுக்கு ஏழாம் மாதத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். மனைவி சூர்யகலாவுக்கு அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்து, திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். முதல் தடவை எட்டிப் பார்த்தபோது அவனுக்கு டயப்பர்தான் தெரிந்தது. பிறகுதான் அதற்குள் பிள்ளை தெரிந்தது. காலில் 'சூர்யகலா பேபி' என்று ஒரு பட்டை.

"எம் பேரு போடலையா?"

"நீங்களா பெத்தீங்க?" என்றார் நர்ஸ் மலர்விழி.

அதன்பின் பஸ் திண்டுக்கல்லுக்குத் திரும்பும்போதெல்லாம் மதன்குமார் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சூர்யகலா வார்டில் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை, பால்காவடி எடுப்பவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுப்பான்.

குழந்தை கொஞ்சம் தேறியதும் மலர்விழி ஒருநாள் சொன்னார்: "அண்ணே, சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க. பாப்பாவ நெஞ்சோட அணைச்சு வச்சுக்கணும். அந்தச் சூடுதான் மருந்து."

"எனக்குக் கூச்சமா இருக்கும் சிஸ்டர்."

"உங்கள இங்க யாரும் பாக்க மாட்டாங்க."

"ஐயோ, அந்தக் கூச்சம் இல்ல. சிரிச்சுருவேன்."

மலர்விழி நம்பவில்லை. குழந்தையை நெஞ்சில் படுக்க வைத்தார். புழு மாதிரி இருந்த விரல்கள் நெஞ்சு முடிக்குள் நுழைந்து துழாவின. மதன்குமார் உதட்டைக் கடித்தான். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. குலுங்கிய குலுக்கலில் பிள்ளையின் உடம்பில் ஒட்டியிருந்த ஒயர் கழன்று மிஷின் அலற, நர்ஸுகள் ஓடி வந்தார்கள். பக்கத்து நாற்காலியில் தன் மகனை அணைத்துக்கொண்டிருந்த காதர் பீவி, "யா அல்லா, இவருக்கு வலிப்பா?" என்று பதறினாள்.

"ஏங்க, என்னையச் சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது," என்று வார்டில் இந்தக் கதையைக் கேட்ட சூர்யகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மனசை வேறு பக்கம் திருப்பினால் கூச்சம் தெரியாது என்று யாரோ சொன்னார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாப்புகள்தான். "ரெட்டியார்சத்திரம்... ஒட்டன்சத்திரம்... சத்திரப்பட்டி... ஆயக்குடி..." என்று முணுமுணுத்தபடி பழனிவரை போய்த் திரும்பினான். பிள்ளை சுகமாகத் தூங்கியது.

ஆனால் அந்த முணுமுணுப்பு பஸ்ஸிலும் தொற்றிக்கொண்டது. ரெட்டியார்சத்திரத்தில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்து சண்டைக்கு வந்தார். டிரைவர் பாண்டி திரும்பி, "ஏலே, ஸ்டாப்பு பேர அவரு காதுல ரகசியமாவா சொன்ன?" என்றான்.

ஒரு மத்தியானம் பிள்ளையை அணைத்தபடி அவன் முணுமுணுப்பில் சத்திரப்பட்டியைத் தாண்டும்போது நெஞ்சில் அசைவு நின்றது. அப்பாடா, கூசவில்லை என்று நினைத்த அந்த நொடியே மிஷின் கத்தியது. மலர்விழி ஓடிவந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். "ஏ குட்டி, மூச்சு விடு!" மறுபடி சுண்டினார். குழந்தை விலுக்கென்று உதறி, அவன் விலாவில் ஓர் உதை விட்டது.

அவன் சிரிக்கவில்லை. "உதைடா தங்கம். எம்புட்டு வேணா உதை," என்றான்.

"குறைமாசப் பிள்ளைக இப்படித்தான், மூச்சு விட மறந்துருவாங்க. வளர வளரச் சரியாயிரும்ணே," என்றார் மலர்விழி.

அன்று அவன் பஸ்ஸுக்குப் போகவே இல்லை.

அவர் சொன்னபடியே மறதி குறைந்தது. பால் இறங்கிய மூக்குக் குழாய் போய், புகட்டும் பாலாடை வந்தது. பிறகு அம்மாவிடமே குடித்துப் பழகி, கன்னத்தில் சதை வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை நாகஜோதி என்ற பெயரோடு வீடு வந்து சேர்ந்தாள்.

பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பேச்சாயியை மதன்குமார் சோப்போடு வாசலிலேயே மறித்தான். "விரலிடுக்கு... கட்டைவிரல்... நகம்... முழங்கைவரைக்கும் அத்தே."

"கழுவிட்டேன்டா."

"இன்னொரு தடவை."

"இனிமே கழுவுனா ரேகை அழிஞ்சு ரேஷன் கடையில அரிசி தர மாட்டான்!" என்று அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன பேச்சாயி, பிள்ளையை வாங்கி மடியில் போட்டாள். சற்று நேரத்தில் சேலை நனைந்தது.

"இவளுக்கு ஒரு சட்டமும் இல்லையாடா?" என்று பேச்சாயி கேட்டாள். நாகஜோதி கொட்டாவி விட்டாள்.